1990-க்கு முந்தைய யாழ்ப்பாண முஸ்லிம் விவாகப் பதிவுகள்: உதவி தேவை

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் பெண்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறேன்; கைக்கூலி, அதாவது திருமணத்தின்போது பெண் வீட்டார் மணமகனிடம் கொடுக்கும் பணம் அல்லது பொருள், பற்றிய அத்தியாயத்தில் வேலை முடங்கியிருக்கிறது.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, மணமகன் பெற்றுக்கொண்ட கைக்கூலியை மனைவி காதி நீதிமன்றத்தில் (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) திரும்பக் கோரலாம். ஆனால், யாழ்ப்பாணம் சோனகத் தெருவை இரண்டு மணி நேர அவகாசத்தில் விட்டு வந்தவர்கள் பலரிடம் விவாகச் சான்றிதழ் இல்லை. மணமகளின் சார்பில் வலியே (தந்தை போன்ற ஆண் பொறுப்பாளர்) கையெழுத்திடும் வழக்கத்தில், தன் நிக்காஹ் (திருமண) பதிவில் என்ன எழுதப்பட்டது என்பதை மணமகள் கண்ணால் பார்த்ததும் அரிது. என்னிடம் பேசிய ஓர் உம்மா, தகப்பனார் கடையை ஈடுவைத்துக் கொடுத்த தொகையை விரல் மடித்து எண்ணிக் காட்டினார். அந்த நினைவை நான் முழுமையாக நம்புகிறேன். ஆயினும், எழுத்தில் பதிவானதோடு அதை வைத்துப் பார்க்க விரும்புகிறேன், ஏனெனில் இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் பெண்ணுக்குச் சொல்லப்படாதது தெரியவரும்.

இதுவரை பதிவு அலுவலகம் ஒன்றில் இரண்டு முறை விண்ணப்பித்தேன். பதிவு எண் இல்லாமல் தேட இயலாது என்றார்கள். புத்தளம், கல்பிட்டிப் பகுதிகளில் முன்னாள் விவாகப் பதிவாளர்களின் குடும்பங்களை விசாரித்தேன், பயனில்லை. பள்ளிவாசல் பெரியவர்களிடமும் பிரதிகள் இல்லை.

தேடுவது 1970 முதல் 1990 வரையான யாழ் நகரப் பதிவுகள். மூலப் பதிவேடோ அதன் பிரதியோ இப்போது யாரிடம், எங்கே இருக்கிறது என்று உங்களில் எவருக்கேனும் தெரியுமா?