கல்லூரி நிதி உதவி போதவில்லை: மேல்முறையீட்டுக் கடிதத்துக்கு உதவி தேவை

வணக்கம். அமெரிக்கத் தனியார் கல்லூரி ஒன்றில் 2026-27க்கு இடம் கிடைத்த மாணவிக்காகக் கேட்கிறேன். ஃபாஃப்சா (அமெரிக்க அரசின் கல்வி நிதி உதவி விண்ணப்பம்) பார்ப்பது 2024 வருமானத்தை. அப்பாவுக்கு வேலை போனதோ 2025 நவம்பரில். அதனால் அதிலிருந்து கணக்கிடும் எஸ்ஏஐ எண் (எவ்வளவு உதவி தேவை என்று பார்க்கும் குறியீடு) இன்றைய நிலையைக் காட்டவில்லை. 'புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட்' (சிறப்புச் சூழ்நிலையைப் பார்த்து நிதி உதவி அதிகாரி கணக்கைத் திருத்துவது) என்று பெயர் சொல்லியே மறுபரிசீலனை கேட்கிறோம். "கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்" என்று மட்டும் எழுதினால், அதிகாரி கணக்கைத் திருத்த ஆதாரம் எதுவும் இருக்காது.

இணைப்பவை: பணிநீக்கக் கடிதம், கடைசி பே ஸ்டப், வேலையிழப்பு உதவித்தொகைச் சான்று, 2024 வரி டிரான்ஸ்கிரிப்ட், 2026க்கான மாதவாரி வருமான மதிப்பீடு. கடிதம் ஒரே பக்கம். இரண்டு ஆண்டு வருமானமும் பற்றாக்குறைத் தொகையும் முதல் பத்தியிலேயே. ஒன்றை மறக்க வேண்டாம்: உதவி என்று கல்லூரி தந்த பட்டியலில் நிற்கும் 5,500 டாலர் ஃபெடரல் கடன், திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேலை போனபோது மொத்தமாக வந்த இழப்பீட்டை வருமானமாகச் சேர்த்துவிடுவார்களா? அது ஏற்கெனவே வாடகைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் செலவாகிவிட்டது, ரசீதுகள் போதுமா? அண்ணனும் கல்லூரியில் படிக்கிறான். 2024-25 முதல் ஃபாஃப்சா கணக்கு அதைப் பார்ப்பதில்லை, ஆனால் இந்தக் கல்லூரி சிஎஸ்எஸ் புரொஃபைலும் (கல்லூரி தன் சொந்த நிதி உதவிக்காகக் கேட்கும் தனி விண்ணப்பம்) வாங்குகிறது. இதே கடிதத்தில் எழுதலாமா? வேறு கல்லூரி தந்த சலுகைக் கடிதத்தை இதோடு வைப்பதா, அட்மிஷன் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புவதா?

கல்லூரியின் முடிவே இறுதி. கல்வித்துறையிடம் முறையிட வழியில்லை. மே 1க்குள் முன்பணம் கட்ட வேண்டும். அந்தத் தேதியைத் தள்ளிக் கேட்டு வாங்கியவர்கள் என்ன எழுதினீர்கள் என்று சொன்னால் பேருதவி.