‘மகரந்தக்காவி’யா, ‘மகரந்தச்சேர்ப்பி’யா?

அன்பின் ஐயா,

பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுசென்று சேர்க்கும் உயிர்களுக்கு ‘மகரந்தக்காவி’ என்ற பெயரே போதும் என்று எழுதியிருந்தீர்கள். ‘காவு’ யாழ்ப்பாணத்தில் இன்றும் வீட்டிலும் தோட்டத்திலும் வழங்கும் வினை. சுமந்து செல்வதைக் காவிக்கொண்டு போதல் என்றே சொல்கிறோம். ஆகவே அதனை மறுத்து எழுத எனக்கு மனம் எளிதில் வரவில்லை.

நுளம்பை நோய்க்காவி என்று படித்த பிள்ளை தேனீயையும் அதே வரிசையில் வைத்துவிடக்கூடும் என்பது சிறிய தடை. பெரிய தடை தேனீயின் காலிலேயே இருக்கிறது. வேலைக்காரத் தேனீ தேனால் ஈரமாக்கிப் பின்னங்கால்களில் உருண்டையாகத் திரட்டிக் கூட்டுக்குக் கொண்டுபோகும் மகரந்தம் அதன் குடும்பத்துக்கான உணவு. அதில் மிகப் பெரும்பகுதி எந்தப் பூவின் குறியையும், அதாவது மகரந்தத்தை ஏற்கும் சூலக நுனியையும், சென்றடைவதில்லை. செடிக்குப் பயன்படுபவை, உடல் மயிரில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவின் குறியில் உதிரும் துகள்கள்தாம். எனவே தேனீ மிகுதியாகக் காவுவது ஒன்று, பூவில் சேர்ப்பது வேறொன்று.

வேலியோரத்துச் செவ்வரத்தையில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். தேன்சிட்டு சில வேளைகளில் பூவின் வாயை நாடாமல் அடிப்பகுதியை அலகால் துளைத்துத் தேனை உறிஞ்சிவிடும். மகரந்தம் தரும் கேசரத்தையும் குறியையும் தொடாத அந்த வருகையால் பூவுக்கு நன்மை இல்லை. அதே பறவை வேறொரு பூவில் முறையாக அலகை நுழைத்து, நெற்றியில் மகரந்தத்தை ஏந்திச் சென்று சேர்க்கிறது. இலுப்பைக்கு இரவில் வரும் பழந்தின்னி வௌவாலோ இனிப்பான அல்லிவட்டத்தையே, அதாவது இதழ்த் தொகுதியையே, தின்ன வருகிறது; தின்னும் போக்கிலேயே மகரந்தச்சேர்க்கையும் நடந்துவிடுகிறது. இத்தனை உறவுகளையும் ‘காவி’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால் பூவுக்கு வருபவை எவை, பூவுக்கு உதவுபவை எவை என்று மாணவர் பிரித்தறிய முடியாது. ஆதலால் பூவைத் தேடி வரும் எல்லா உயிர்களுக்கும் ‘பூநாடி’ என்றும், அவற்றுள் மகரந்தத்தைக் குறியில் படச்செய்பவற்றுக்கு மட்டும் ‘மகரந்தச்சேர்ப்பி’ என்றும் இரு சொற்களை முன்மொழிகிறேன்.

பூந்தூளைத் தாது என்னும் அகநானூற்றின் ‘தாதுண் பறவை’யைத் தழுவித் ‘தாதுண்ணி’ என்று இன்னொருவர் சொன்னது காதுக்கு மிக இனிது. பறவை என்ற ஒரே சொல்லால் வண்டையும் சுட்டிய அந்த வழக்கை நானும் விரும்புகிறேன். எனினும் உண்பது வேறு, சேர்ப்பது வேறு என்ற பழைய சிக்கலுக்கே அது நம்மைத் திருப்பி அழைத்துச் செல்லும். மேலும், வடமொழியில் மகரந்தம் முதன்மையாகப் பூந்தேனையே குறித்தது என்ற அவரது குறிப்பு சரியானது. ஆனால் தமிழ்ப் பாடநூல்களில் அது பூந்தூளாகவே நிலைத்துவிட்டது. தாது என்றாலோ கனிமமும் சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கூறுகளும் குறுக்கே வரும். மாணவருக்குப் பழகிய ‘மகரந்தச்சேர்க்கை’யிலிருந்து ஒரே அடியில் எட்டக்கூடியது ‘மகரந்தச்சேர்ப்பி’.

‘சேர்ப்பி’ ஏவல் வினைபோல் ஒலிக்கிறதே என்று கேட்கலாம். ‘கடத்தி’, ‘ஊக்கி’ ஆகியவையும் வினை வடிவில் உள்ளவைதாம். பௌதிக, இரசாயன வகுப்புகளில் அவற்றால் எவரும் மயங்குவதில்லை. ‘காரணி’ என்று பொதுவாகச் சொன்னால் காற்றும் நீரும் உள்ளே வந்துவிடும்.

‘மகரந்தச் சேர்க்கையாளர்’ என்ற வழக்கைப் பற்றியும் ஒரு சொல். ‘ஆளர்’ உயர்திணைக்குரிய ஈறு. அதை வண்டுக்கு ஏற்றுவது தமிழுக்குப் பொருந்தவில்லை. ஆனால் அந்த ஈற்றை முற்றாகக் கைவிடவும் வேண்டாம். ரீயூனியன் தீவில் 1841இல், 12 வயது அடிமைச் சிறுவன் எட்மண்ட் அல்பியஸ், வனிலாப் பூவின் மகரந்தத்துக்கும் குறிக்கும் இடையிலுள்ள மென்தகட்டை ஒரு குச்சியால் விலக்கிக் கைவிரலால் அழுத்திச் சேர்க்கும் எளிய வழியைக் கண்டறிந்தான். இன்றும் வனிலாத் தோட்டங்களில் அவ்வேலையைக் கையாலேயே செய்கிறார்கள். அவர்களை மகரந்தச்சேர்ப்பாளர் என்போம். வண்டும் வௌவாலும் மகரந்தச்சேர்ப்பிகளாக இருக்கட்டும். ‘பூநாடி’ பற்றித் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.