ஹான்டோர்ஃப் போன கதை: எங்கள் குடும்பக் குழுவில்

கிரேஸ் அத்தை: ஜெனி, நீ போட்ட படமெல்லாம் பார்த்தேன். இது ஆஸ்திரேலியாவா ஜெர்மனியா? வீடெல்லாம் மரச்சட்டம் வைத்துக் கட்டியிருக்கிறார்களே!

ஜெனி: அடிலெய்டு பக்கத்து மலையூர் அத்தை, ஹான்டோர்ஃப். 1838 கடைசியில் 'ஜீப்ரா' கப்பலில் வந்த ஜெர்மன்காரர்கள் மறு வருஷம் குடியேறிய ஊர். கப்பல் கேப்டன் ஹான், ஆட்களை இறக்கிவிட்டோம், வேலை முடிந்தது என்று போகாமல், அவரே அலைந்து நிலம் பேசிக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் ஊருக்கு அவர் பெயர்.

ஸ்டீபன் மாமா: பிழைப்புத் தேடியா வந்தார்கள்?

ஜெனி: இல்லை மாமா, சபைச் சண்டை. லுத்தரன் சபையும் சீர்திருத்த சபையும் ஒன்றாக வேண்டும், எல்லோருக்கும் ஒரே ஆராதனை முறை என்று பிரஷ்ய ராஜா உத்தரவு போட்டார். மறுத்த போதகர்களில் சிலருக்கு ஜெயில். காவெல் என்ற போதகர் லண்டன் போய் ஆங்காஸ் என்ற பணக்காரரிடம் உதவி கேட்டார். அவர் கடன் கொடுத்துத்தான் முதல் கூட்டம் கப்பல் ஏறியது.

ஸ்டீபன் மாமா: நம் கோயிலில் பாட்டுப் புத்தகம் மாற்றியதற்கே இரண்டு கட்சி. இவர்கள் கடலே தாண்டிவிட்டார்கள் 😄

கிரேஸ் அத்தை: சரி, வந்து எதை விற்றுச் சாப்பிட்டார்கள்?

ஜெனி: அங்கேதான் பெண்கள் வருகிறார்கள். வெண்ணெய், முட்டை, காய்கறி எல்லாம் கூடையில் கட்டி, நடுராத்திரி கிளம்பி, மலையிறங்கி அடிலெய்டுக்கு நடை. சுமார் 30 கிலோமீட்டர். தேயக் கூடாதென்று செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலில் நடப்பார்களாம். பியூமான்ட் ஓடையில் கால் கழுவி, செருப்பு மாட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைவார்களாம். திரும்பும்போது கோயில் கட்ட ஆளுக்கு இரண்டு செங்கல்!

ஸ்டீபன் மாமா: செங்கல் மட்டும் யாரோ சேர்த்த மசாலா மாதிரி இருக்கிறது.

ஜெனி: இருக்கலாம் மாமா, ஊரில் சொல்லும் கதைதானே. ஆனால் அவர்கள் நடந்தது நிஜம். அந்தத் தடத்தில் இன்றும் நடைப்பயணம் போகிறார்கள்.

கிரேஸ் அத்தை: செங்கல்லை நான் நம்புகிறேன். போகும்போது சுமை, வரும்போது வெறுங்கையா என்று கேட்க எந்த ஊரிலும் ஆள் உண்டு.

ராபர்ட் தாத்தா: பிற்பாடு இவர்களை நிம்மதியாக விட்டார்களா?

ஜெனி: எங்கே தாத்தா! முதல் உலகப்போரில் எதிரி நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். 1917-ல் லுத்தரன் பள்ளிகளை மூடினார்கள். சட்டம் போட்டு 69 ஜெர்மன் இடப்பெயர்களை மாற்றினார்கள். ஹான்டோர்ஃப் 'ஆம்பிள்சைடு' ஆனது. பழைய பெயர் திரும்பக் கிடைத்தது 1935-ல்தான். மூன்று தலைமுறையாக அங்கேயே உழுது வாழ்ந்தவர்கள்!

ராபர்ட் தாத்தா: இதில் நமக்கும் ஒரு ஒட்டு இருக்கிறதம்மா. 1838-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் மிஷன் டைக்கல்மன், ஷூர்மன் என்று இரண்டு மிஷனரிகளை அடிலெய்டுக்கு அனுப்பியது. அதே மிஷன் அடுத்து கோர்டஸ் என்ற போதகரைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. அப்புறம் லைப்சிக் என்ற ஜெர்மன் நகரத்துக்கு இடம் மாறியது. நம் சபைக்காரர்கள் சொல்லும் லைப்சிக் மிஷன் அதுதான்.

ஜெனி: ஐயோ தாத்தா, அந்த இரண்டு பேரையும் இங்கே நன்றாகத் தெரியும்! அடிலெய்டு சமவெளி கவுர்னா என்ற பூர்வகுடி மக்களுடையது. அந்த மக்களிடம் கேட்டு 1840-லேயே அவர்கள் மொழிக்கு இலக்கணமும் சொல்பட்டியலும் எழுதியவர்கள் இந்த இரண்டு பேர்தான். பேச்சு வழக்கு நின்றுபோன அந்த மொழியை இப்போது அதை வைத்துத்தான் மீட்டுக் கற்கிறார்கள்.

கிரேஸ் அத்தை: அப்போ ஹான்டோர்ஃப் நிலம் யாருடையது?

ஜெனி: பெரமாங்க் என்ற பூர்வகுடி மக்களுடையது அத்தை. கேப்டன் ஹான் நிலம் பேசியது வெள்ளைக்காரர்களிடம். பெரமாங்க் மக்களிடம் யாரும் கேட்கவில்லை.