அடுத்து எந்த நாவலை எடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. இரவில் தூங்கப்போகும் முன் பத்து இருபது பக்கம் படிக்கிற சாதாரண வாசகன் நான். உங்கள் உதவி வேண்டும்.

ஜேம்ஸ் கிளியரின் ‘அட்டாமிக் ஹேபிட்ஸ்’ (2018) எனக்கு நிஜமாகவே பலன் தந்தது. புதுப் பழக்கத்தை இரண்டே நிமிடத்தில் முடிகிற அளவுக்குச் சுருக்கித் தொடங்கச் சொல்கிறார். தினம் ஒரு பக்கம் என்று ஆரம்பித்தேன். புத்தகத்தைத் தலையணை மேலேயே வைத்துவிடுவேன். படுக்க வேண்டுமென்றால் அதைக் கையில் எடுத்தாக வேண்டும். அப்புறம் வாங்கிய சுயமுன்னேற்ற நூல்கள் பெரும்பாலும் ஒரே கருத்தை இருநூறு பக்கத்துக்கு இழுத்தன. சலித்துவிட்டது.

சரி, நாவலுக்கு வருகிறேன். பாவ்லோ கொய்லோவின் ‘தி ஆல்கெமிஸ்ட்’ படித்தேன். பிற்பாதியில் அறிவுரை அதிகம். ஆனால் அந்தக் கண்ணாடிப் பாத்திரக் கடைக்காரர் மனதை விட்டுப் போகவில்லை. மெக்கா போகும் ஆசை நிறைவேறிவிட்டால் பிறகு எதற்காக வாழ்வது என்று பயந்து, போகாமலே இருக்கிறார். எத்தனை உண்மையான மனிதர்!

இப்படி ஒரு மனிதரைக் கண்முன் நிறுத்துகிற, உபதேசம் செய்யாத நாவல் எது? முந்நூறு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. மொழிபெயர்ப்பும் சம்மதம். உங்களுக்கு ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள், முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.