கொலராடோ வில் வேட்டை: என் வில் விதிக்குள் வருமா?

செப்டம்பரில் கொலராடோவில் முதல் முறையாக எல்க் மான் வேட்டைக்கு வில்லோடு போகிறேன். அம்புமுனை குறைந்தது 7/8 அங்குல அகலம், இழுவிசை 35 பவுண்டுக்குக் குறையாமல், இரண்டும் சரி. சிக்கல் லெட்-ஆஃபில்தான். அதாவது, முழுதாக இழுத்து நிறுத்தும்போது கையில் குறையும் பாரம்; அது 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நான் பழையதாக வாங்கிய காம்பவுண்ட் வில்லில் (முனைகளில் கப்பி வைத்தது) 85 என்று இருக்கிறது. கேம் மாட்யூலை (கப்பியில் மாட்டும் துண்டு) மட்டும் மாற்றினால் போதுமா, வில்லையே மாற்ற வேண்டுமா?

விற்றவரோ, “காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்” என்கிறார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

வனவிலங்கு அதிகாரியிடம் சோதனைக்கு நின்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: தராசு மாட்டி இழுத்து அளந்தாரா, வில்லில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு விட்டாரா? பேட்டரியில் எரியும் சைட்டை (குறிபார்க்கும் கருவி) ஏற்கெனவே கழற்றிவிட்டேன். அம்பின் வாலில் ஒளிரும் நாக் (நாணில் மாட்டும் முனை) மட்டும் இருக்கிறது, அதற்கு அனுமதி உண்டு.