'எஸ்டேட் அக்கவுண்ட்'டுக்கு நம் வீட்டுச் சொல் ஒன்று: பைசல் கணக்கு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் காலமான பிறகு அவர் சொத்தின் வரவு செலவைப் பார்த்து முடிக்க வங்கியில் தொடங்குவது 'எஸ்டேட் அக்கவுண்ட்'. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் கேட்டதற்கு, வாரிசுக் கணக்கு, எச்சக் கணக்கு, மறைவுச் சொத்துக் கணக்கு என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. காரணம் சொல்வதற்கு முன், இந்தச் சொல்லில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பச்சி (எங்கள் அப்பா) காலமானபோது உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள். காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். எஸ்டேட் அக்கவுண்ட் தொடங்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் (அம்மாவிடம்) அப்படியே சொன்னேன். "எந்த எஸ்டேட்டுப்பா? ஐயா மலாயாவுல கடன் கொடுத்திருந்தாகளே, அந்த ரப்பர் எஸ்டேட்டா? அது எப்பவோ போயிருச்சே" என்றார்கள். ஆத்தா கேட்டதில் பிழையே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் எஸ்டேட் என்றால் ரப்பர் மரமும் தேயிலைச் செடியும்தான். கண்டனூரிலும் கோட்டையூரிலும் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் அப்புறம் வந்தது. வங்கியில் கொடுத்த தாளில் யாரோ 'வாரிசுக் கணக்கு' என்று தமிழில் எழுதியிருந்தார்கள். என் தம்பி அதைப் படித்தான். "நானும் வாரிசுதானே, என் பங்கு எப்ப வரும்?" என்று கேட்டான். அவனுடைய கேள்வி நியாயமானது, அந்தச் சொல்தான் அவனை அப்படிக் கேட்க வைத்தது. நகைக் கடன் அடைபடாமல் இருந்தது, ஆஸ்பத்திரி பாக்கி இருந்தது, பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டின் செலவில் எங்கள் பங்கும் பாக்கி இருந்தது. இவையெல்லாம் போன பிறகுதான் பங்கு என்று எவ்வளவு சொல்லியும், தாளில் இருந்த சொல்லுக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை. ஆறு மாதம் நானும் அவனும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 211ஆவது பிரிவின்படி இறந்தவரின் சொத்து, உயிலை நிறைவேற்றுபவர் கையில் அந்தப் பொறுப்புக்காக வந்து சேர்கிறது. அதிலிருந்து எதை முதலில் கொடுப்பது என்ற வரிசை 320ஆவது பிரிவிலிருந்து தொடங்குகிறது. ஈமச் செலவும் கடைசி நோய்ச் செலவும் முதலில், பிறகு நீதிமன்றச் செலவு, பிறகு வேலையாட்களின் கூலி, பிறகு மற்றக் கடன்கள். உயிலில் எழுதி வைத்த கொடை எல்லாவற்றுக்கும் பின்னால்தான் நிற்கிறது. இறந்து ஓராண்டு முடியும்வரை அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்கிறது 337ஆவது பிரிவு. வருமான வரிக்காரர்களும் இப்படித்தான் பார்த்தார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 168ஆவது பிரிவில், பங்கிட்டு முடியும்வரை அந்தச் சொத்தின் வருமானத்துக்குத் தனியாக வரி போடச் சொன்னார்கள். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால், அங்கே இறந்தவரின் சொத்துக்கென்றே தனி வரி எண் வாங்கித்தான் கணக்குத் தொடங்க வேண்டும் என்பார்கள். ஆக, இந்தப் பணம் இப்போதைக்கு இறந்தவருடையதும் இல்லை, வாரிசுகள் கையில் வந்து சேர்ந்ததும் இல்லை. நாம் வைக்கிற சொல் இந்த இடைநிலையைக் காட்ட வேண்டும். 'வாரிசுக் கணக்கு' அதை மறைத்துவிடுகிறது.

நம் குழுவின் தேவகோட்டை ஆச்சி முன்வைத்த 'எச்சம்' அழகான சொல். 'அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளை அவர்கள் காட்டியதும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் இன்றைக்கு எச்சம் என்றால் முதலில் காக்கைதான் நினைவுக்கு வருகிறது. துக்க வீட்டுக்காரர் கையில் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, உயில்களில் தனித்தனியாக எழுதிக் கொடுத்தது போக மிஞ்சுவதை 'எஞ்சிய சொத்து' என்று ஏற்கெனவே எழுதுகிறோம். எச்சத்தை அதற்கே விட்டுவிடலாம், ஆச்சி. 'மறைவுச் சொத்து' என்றால் கணக்கில் காட்டாமல் ஒளித்து வைத்தது என்றுதான் படும், அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

சரி, என் முன்மொழிவு. பழைய பேரேடெல்லாம் தெரிந்த, எங்கள் வளவுக்கு வேண்டிய ஒரு கணக்கப்பிள்ளை தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "இது பங்குக் கணக்கு இல்லை தம்பி, பைசல் கணக்கு. பைசலாகாம ஐந்தொகை எப்படிப் போடுறது? ஐந்தொகை போடாம பங்கு எங்கேருந்து வரும்?" ஐந்தொகை என்பது வரவு, செலவு, இருப்பு, கடன் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்திக் காட்டும் முடிவுக் கணக்கு. தம்பிக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆறு மாதமாக நான் சொல்லிப் புரியாததை ஒரு சொல் புரியவைத்தது. வர வேண்டியதை வாங்கி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மிச்சத்தைப் பிரித்து, மூடிவிடும் கணக்கு என்பது முழுதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

பைசல் அரபியிலிருந்து வந்ததுதானே என்று நம் குழுவின் மதுரை ஐயா கேட்பார்கள் என்று தெரியும். 'தீர்வுக் கணக்கு' என்று வைத்துப் பார்த்தேன். 'கணக்குத் தீர்த்தான்' என்றால் நம் ஊரில் பழி வாங்கினான் என்றும் பொருள். 'தீர்வை' என்று வைத்தால் வரியாகிவிடும். பைசலைத் தாத்தாவும் பேசினார், பேரனும் பேசுகிறான், கடைத்தெருவிலும் பேசுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது தமிழ்ச் சொல்தான்.

இன்னும் ஒன்று, இந்த இழையில் யாரும் தொடாதது. நாம் ஒரே பெயரில் இரண்டு கணக்குகளைக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். ரிசர்வ் வங்கி 2005இல் சொன்ன ஏற்பாடு ஒன்று உண்டு. ஒருவர் இறந்த பிறகும் அவர் பெயருக்கு டிவிடெண்டு, வட்டி என்று வந்துகொண்டிருக்கும் அல்லவா? நாமினியோ உடன்கணக்குதாரரோ எழுதிக் கொடுத்தால், 'காலமான இன்னாரின் எஸ்டேட்' என்ற பெயரில் வங்கி ஒரு கணக்கு வைத்து அந்தப் பணத்தை அதில் சேர்க்கலாம். அதிலிருந்து எடுக்க முடியாது. உயிலை நிறைவேற்றுபவர், அதாவது நிறைவேற்றுநர், தொடங்குவது வேறு, அதில் பற்றும் (பணம் எடுப்பதும்) உண்டு, காசோலையும் உண்டு. பற்று இல்லாத முதல் கணக்கைக் 'காலமானார் வரவுக் கணக்கு' என்றும், இரண்டாவதைக் 'காலமானார் பைசல் கணக்கு' என்றும் பிரிக்கலாம் என்பது என் எண்ணம். 'இறந்தார்' என்பதைவிடக் 'காலமானார்' கேட்பதற்கு மெத்தென்று இருக்கிறது, துக்கப் பத்திரிகையிலும் அதுதான் வருகிறது.

ஓரிடத்தில் மட்டும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. உயில் இருந்தால் நிறைவேற்றுநர். உயில் எழுதாமல் போனவருக்கு நீதிமன்றம் நியமிப்பவரை என்ன சொல்வது? 'நிர்வாகி' என்றால் கோயில் நிர்வாகி, கட்சி நிர்வாகி என்று எல்லோரும் வந்துவிடுகிறார்கள். 'பைசல்தாரர்' என்று ஒரு யோசனை இருக்கிறது, ஆனால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. ஆச்சியும் மதுரை ஐயாவும் இதற்கு ஒரு சொல் யோசித்து எழுத வேண்டும்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து