சர்க்கரைத் தண்ணீரில் ஃபைபரை முக்கிப் பார்த்தவர்கள் உண்டா?

அல்சூர்வாசி:
பெங்களூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். தண்ணீரில் எவ்வளவு சர்க்கரை என்று வெளிச்சத்தை வைத்து அளக்கும் புராஜெக்ட். எஸ்.பி. ரோட்டில் இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் ஃபைபர் (வெளிச்சத்தை உள்ளேயே கடத்தும் இழை) வாங்கி, நடுவில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேலுறையையும் அதற்கடியில் வெளிச்சத்தைக் கசியவிடாமல் வைக்கும் கிளாடிங் என்ற படலத்தையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம். அந்த இடத்தை 'ப' மாதிரி வளைத்துத் திரவத்தில் முக்க வேண்டும். ஒரு முனையில் எல்.இ.டி. வெளிச்சம். ஃபைபரின் உள்தண்டுக்கு ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் நுழையும் வெளிச்சம் எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் எண்) 1.49. தண்ணீருக்கு 1.333, பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசலுக்கு 1.348. வெளியே இருக்கும் எண் ஏற ஏற வெளிச்சம் கூடுதலாகக் கசியும், மறுமுனையில் வெளிச்சத்தை அளக்கும் போட்டோடயோடு காட்டும் மில்லிவோல்ட் இறங்கும்.

எங்களுக்கு இறங்கவில்லை. டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஏறியிருந்தது! சர்க்கரை என்ன பறந்தா போகும்? எல்.இ.டி.யை மாற்றினோம், பேட்டரியை மாற்றினோம், மூன்று நாள் போச்சு. கடைசியில் வீட்டுக்கே தூக்கி வந்தேன். அம்மாதான் எட்டிப் பார்த்து, "அதென்னடா, கம்பி மேல முத்து முத்தா?" என்றார்.

காற்றுக் குமிழ். குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. காற்றின் எண் 1 தான், அதனால் குமிழ் ஒட்டிய இடத்தில் கசிவு குறைந்துவிடுகிறது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்கு மாறினோம், சரியாகிவிட்டது. நன்றாக ஆற வேண்டும், அது முக்கியம். பத்து டிகிரி சூடு கூடினால் தண்ணீரின் எண் ஏறக்குறைய 0.001 குறையும், ஒரு சதவீதச் சர்க்கரை ஏற்றுவதே 0.0014 தான்.

கேபிள்காரன்:
நான் படித்த ஆள் இல்லை, ஒயிட்ஃபீல்டு பக்கம் கண்ணாடி ஃபைபருக்கு ஜாயின்ட் போடுகிறவன். ஒரு மழை நாளில், நேராக வெட்டி வைத்த முனை குழித் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஓ.டி.டி.ஆர். என்று ஒரு மெஷின், ஃபைபருக்குள் வெளிச்சம் அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். அதில் அந்த முனை இருக்கும் இடத்தில் எழும் முள் நன்றாகக் குட்டையாகிவிட்டது. மெஷின் போச்சு என்றே நினைத்தேன். துணியால் துடைத்ததும் முள் பழையபடி எழுந்தது. கண்ணாடிக்கும் காற்றுக்கும் நடுவே மூன்றரை சதவீதம் வெளிச்சம் திரும்புமாம், தண்ணீர் பட்டால் 0.2 சதவீதம்தான் என்று அப்புறம் மேஸ்திரி சொன்னார். நீங்கள் பக்கவாட்டில் பார்த்ததை நான் முனையில் பார்த்திருக்கிறேன் போல.

மல்லேஸ்வரம் அக்கா:
தேங்காய் எண்ணெயில் கலப்படம் கண்டுபிடிக்கிறேன் என்று என் பையன் இதே 'ப' கம்பியோடு டிசம்பரில் உட்கார்ந்தான். காலையில் பார்த்தால் கம்பியோடு சேர்ந்து எண்ணெய் உறைந்து கிடக்கிறது. தம்பி, அடுப்பைப் பற்றவைத்தது நான்தான்.